உரசிப் பார்க்காதே

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. நானும் தங்கச்சியும் சித்தப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் சரிம்மா சரிம்மா என்று வேறு பேச்சுக்குப் போய்விடுவாய். கடிதம் என்றால் நடுவில் பேச முடியாது. அப்பா போன பிறகு பேட்டரி சார்ஜ் கடையை மூடிவிடலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள், மூடவில்லை. சித்தப்பாதான் பார்க்கிறார். ஆசிட் தெறிக்கும், கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போக, அவர் பைக் ஹெல்மெட்டையே மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வருகிறவர்கள் பேசுவது எதுவும் காதில் விழுவதில்லை. லாரிக்காரர் ஒருவர், என்னண்ணே, நிலாவுக்கா கிளம்பிட்டீங்கன்னு கேட்டாராம். இவர், சாயங்காலம் வாங்க, ரெடியாயிடும்னு சொல்லியிருக்கிறார். தங்கச்சி சிரித்தாள். அப்பா போனதிலிருந்து அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதனால் ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கார் பேட்டரி இறங்கிப்போச்சு, வீட்டுக்குள்ள வச்சு சார்ஜ் போட்டிருக்கேன், அப்பா மாதிரியே கிளிப்பை உரசிப் பார்த்தேன், உயிர் இருக்கும்மா என்று சந்தோஷமாகச் சொன்னாய். போனை வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். அப்பாவுக்கு அதுதான் வார்த்தை. சார்ஜர் கிளிப்பைத் தூக்கி பேட்டரி முனையில் ஒரு உரசு உரசுவார், பொறி தெறித்தால் உயிர் இருக்கு என்பார். சார்ஜ் பார்க்கிற மீட்டர் பக்கத்திலேயே விருந்தாளி மாதிரி சும்மா தொங்கும். அவர் போன அன்றைக்கு மழை என்று கதவு ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தார். சார்ஜில் இருக்கிற பேட்டரியிலிருந்து ஒரு வாயு வரும், கண்ணுக்குத் தெரியாது, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும், அது வெளியே போக வழியில்லாமல் நின்றுவிட்டது. சுவிட்சை அணைக்காமல் கிளிப்பைத் தூக்கி உரசினார். வெடித்தது. பேட்டரி பழசு, அவர் நேரம் என்று எல்லாரும் உன்னிடம் சொன்னார்கள். பேட்டரி புதுசு தம்பி. கதவு எப்போதும் திறந்து கிடந்ததால் இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை, அவ்வளவுதான்.

நீயோ அந்தப் பனி கொட்டுகிற ஊரில் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு இருக்கிறாய். முதலில் சுவிட்சை அணைத்துவிட்டு அதை வெளிக் கொட்டகைக்குக் கொண்டுபோ, கதவைத் திறந்து வை. பேட்டரி உள்ளே உறைந்து வயிறு உப்பியிருந்தால் சார்ஜே போடாதே. கிளிப்பை மாட்டும்போதும் சரி கழற்றும்போதும் சரி, சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். மேலே குனிந்து பார்க்காதே. மோதிரம் முனையில் உரசினாலும் பொறி வரும், அதைக் கழற்றி வை, மருமகளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்றாய், நம்புகிறேன், ஆனாலும் பேட்டரி பக்கத்தில் பற்றவைக்காதே. ஆசிட் பட்டால் துடைத்துக்கொண்டு நிற்காமல் குழாயைத் திறந்து கழுவிக்கொண்டே இரு. சார்ஜ் இருக்கிறதா என்று மீட்டர் சொல்லும். அது தப்பாகச் சொன்னால் வண்டி கிளம்பாது, பஸ்ஸில் போ. அப்பாவிடமிருந்து உனக்கு மூக்கு வந்திருக்கிறது, முன்கோபம் வந்திருக்கிறது, சாப்பிடும்போது வாயைத் திறக்காத பழக்கமும் வந்திருக்கிறது. எல்லாவற்றையும் வைத்துக்கொள். இது ஒன்றை மட்டும் அவரோடு போகவிடு.

நீயும் மருமகளும் நல்லபடியாக இருக்க வேண்டும். முதலில் சுவிட்ச், அப்புறம்தான் கிளிப், மறக்காதே. நான் போன பிறகும் நீ வெகுகாலம் இருக்க வேண்டும், அந்த வரிசையும் மாறக் கூடாது.

இப்படிக்கு,
உன் அம்மா