பழைய இரும்பு என்று நான் சொன்ன லேத்

அனுப்புநர்
லேத்தக்கா
(இந்தப் பெயருக்கே தபால் வந்து சேரும்),
கடைசல் பட்டறை,
கதவு எண் 41, பட்டறைத் தெரு.

பெறுநர்
இணை இயக்குநர் அம்மா அவர்கள்,
சமுதாயக் கல்லூரிகள் அலுவலகம்,
இரண்டாம் மாடி.

பொருள்: எங்கள் சமுதாயக் கல்லூரிக்கு நான் நன்கொடையாகக் கொடுத்த, நல்லபடி ஓடுகிற லேத் மெஷினைப் பழைய இரும்பு என்று வரும் வியாழக்கிழமை ஏலம் விடப்போவதை நிறுத்தக் கோருவது.

பார்வை: கல்லூரி அறிவிப்புப் பலகையில் நேற்று திங்கட்கிழமை ஒட்டப்பட்ட ஏலப் பட்டியல், வரிசை எண் 7.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு வணக்கம்.

1. நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். மனு எழுதிப் பழக்கமில்லை. ஏலம் வியாழக்கிழமை மூன்று மணிக்கு. இன்று செவ்வாய். ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதப் பார்க்கிறேன். அது எனக்கு வராது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் சொல்லி நான் எதைத்தான் கேட்டிருக்கிறேன்?

2. எங்கள் தெருவின் கடைசியில் மூடிக் கிடந்த கிடங்கில் ஒன்றரை வருடத்துக்கு முன்னால் சமுதாயக் கல்லூரி தொடங்கினார்கள். படிப்பைப் பாதியில் விட்டவர்களும், பகலில் வேலைக்குப் போகிறவர்களும் மாலையில் வந்து கைத்தொழில் கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். கடைசல் வகுப்பும் உண்டு என்றார்கள். வாத்தியார் வந்தார், கரும்பலகை வந்தது, மெஷின் மட்டும் வரவில்லை. வாத்தியார் சுண்ணாம்புக்கட்டியால் பலகையில் லேத் வரைந்து, இதுதான் இரும்பைக் கவ்வும் சக்கு, இதுதான் படுகை என்று பாடம் நடத்தினார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. படத்தைப் பார்த்து நீச்சல் கற்றுக்கொள்ள முடியுமா அம்மா?

3. அதனால் தெருவில் ஆளுக்கொன்று கொடுத்தோம். வெல்டிங்காரர் தன் வெல்டிங் செட் ஒன்றைக் கொடுத்தார். தச்சர் எட்டு மேஜை செய்து கொடுத்தார். பெயிண்டர் சுவருக்கு நீலம் அடித்தார், இரண்டு சுவர் வரை. மூன்றாவதற்கு இன்னும் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார். என்னிடம் இரண்டு லேத் இருந்தன. ஒன்றைக் கொடுத்தேன்.

4. எதைக் கொடுத்தேன் என்பதுதான் இந்த மனுவுக்கு முக்கியம். மூத்த மெஷினுக்கு நாலு வருடமாகக் கியர் பெட்டியில் பல் இல்லை. வெறும் கடைசலுக்கு ஆகும், போல்ட்டுக்கு மரை வெட்ட ஆகாது. இளையது எல்லா வேலையும் செய்யும். நான் இளையதைக் கொடுத்தேன். என் வீட்டுக்காரர் நடுத்தெருவில் நின்று, "நல்லதைத் தூக்கிக் குடுத்துட்டு நொண்டியை வச்சிக்கிறியே, உனக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று கேட்டார். "நொண்டியை வச்சிக்கிட்டு இருபத்தெட்டு வருஷமா குடும்பம் நடத்துறேனே, பழக்கம்தான்" என்று சொன்னேன். தெருவே சிரித்தது, அவரும் சிரித்தார். ஆனால் கொடுத்த காரணம் வேடிக்கையல்ல. புதிதாகக் கற்கிறவர் கையில் கெட்ட மெஷினைக் கொடுத்தால், தப்பு மெஷினில் என்று அவருக்குத் தெரியாது. தன் கையில்தான் தப்பு என்று நினைத்துப் போய்விடுவார். அன்றிலிருந்து மரை வேலை வந்தால் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பிவிடுகிறேன். சனிக்கிழமை பிற்பகலில் கல்லூரிக்குப் போய் வாத்தியாருக்குத் துணையாக நானும் நிற்கிறேன்.

5. இனி என் குற்றத்தை எழுதுகிறேன்.

மெஷினை இறக்கிய அன்று கல்லூரிப் பண்டக அறைப் பொறுப்பாளர் ஒரு படிவத்தோடு வந்தார். நல்ல பிள்ளை, சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். "அக்கா, பொருளின் நிலைன்னு ஒரு கட்டம் இருக்கு. என்ன போட?" என்றார். எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு அம்மா. கையில் கோப்பு வைத்திருப்பவர் முன்னால் எவரும் தன் மெஷினை நல்லது என்று சொல்ல மாட்டோம். சொன்னால் மறுநாளே ஒருவர் இரவல் கேட்பார், இன்னொருவர் இன்றைக்கே வேண்டும் என்று பத்து நாள் வேலையைக் கொண்டுவந்து கொட்டுவார். அதுவும் கொடுக்கிற பொருளை நாமே மெச்சிக்கொள்வது கூச்சமான காரியம். அந்த வழக்கத்தில், "என்னத்தைப் போடுறது தம்பி, கிழட்டு இரும்பு. எடைக்குப் போட்டாக்கூட எவனும் தொட மாட்டான். அப்படியே எழுதிக்கோ" என்றேன்.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

'பழுதடைந்த இரும்பு, பயன்பாட்டுக்கு உகந்ததல்ல' என்று எழுதியிருக்கிறார். கீழே என் கையெழுத்து. கண்ணாடியைப் பட்டறையில் வைத்துவிட்டு வந்ததால் படிக்காமல் போட்டேன். கண்ணாடி இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன். அன்று அவ்வளவு சந்தோஷம்.

6. அந்தப் பயன்பாட்டுக்கு உகந்ததல்லாத இரும்பு அன்று மாலையே ஓடத் தொடங்கியது. பதினான்கு மாதமாக ஒரு நாளும் நிற்கவில்லை. பதினாறு பேர் அதில் கற்கிறார்கள். எல்லாரைப் பற்றியும் எழுத ஆசை, தாள் போதாது. ஒருவரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

துணி தேய்த்துக் கொடுக்கும் பெண்மணி ஒருவர். வயது முப்பத்தாறு. எங்களுக்கு இஸ்திரியம்மா. விடியற்காலை ஐந்து மணிக்கு நிற்கத் தொடங்கினால் மாலை நாலு வரை நின்றபடியே வேலை. இரண்டு முன்கையிலும் சூட்டுத் தழும்பு. முதல் நாள் லேத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, "அக்கா, இது சுடுமா?" என்று கேட்டார். "சுடாது, கடிக்கும். முந்தானையை இழுத்துச் செருகு" என்றேன். இன்று அந்த வகுப்பில் அவர் கைக்கு நிகர் இல்லை. துணியின் சுருக்கத்தை விரலால் பார்த்துப் பழகியவர், இரும்பில் மயிரிழை மேடு இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லிவிடுவார். எனக்கு முப்பது வருடத்தில் வந்தது அவருக்குப் பதினான்கு மாதத்தில் வந்துவிட்டது. பொறாமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

தண்ணீர் பம்பு செய்யும் கம்பெனியில் அவருக்கு ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சான்றிதழ் காட்ட வேண்டும். வருகிற 23ஆம் தேதி திங்கட்கிழமை செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து தேர்வாளர் வந்து, கல்லூரியிலேயே, ஓடுகிற மெஷினில் செய்துகாட்டச் சொல்வார். மெஷின் இல்லையென்றால் தேர்வு இல்லை. அடுத்த தேர்வு ஆறு மாதம் கழித்து. கம்பெனி ஆறு மாதம் காத்திருக்காது. அவர் மறுபடி இஸ்திரிப் பெட்டி முன்னால் நிற்க வேண்டியதுதான்.

7. நேற்றுக் காலை பலகையில் ஏலப் பட்டியலை ஒட்டினார்கள். உடைந்த நாற்காலி, துருப்பிடித்த அலமாரி, ஓட்டைத் தண்ணீர்த் தொட்டி. ஏழாவதாக, 'பழுதடைந்த இரும்பு, ஒன்று, சுமார் 1100 கிலோ'. மதியம் மெஷினின் சுவிட்சில் அரக்கு முத்திரை வைத்துவிட்டார்கள். அப்போது இஸ்திரியம்மா மெஷினில் ஓர் இரும்புத் துண்டைக் கட்டி வைத்திருந்தாராம். பாதி கடைந்த அந்தத் துண்டு இன்னும் சக்கிலேயே இருக்கிறது.

செய்தி கேட்டு ஓடினேன். பண்டக அறைத் தம்பியிடம், "ஏம்ப்பா, தினமும் அது ஓடுற சத்தத்துல உன் அறைக் கண்ணாடியே அதிருதே, அது பழுதுன்னு எழுத உனக்கு மனசு எப்படி வந்துச்சு?" என்றேன். அவர் படிவத்தை எடுத்து என் கையெழுத்தைக் காட்டி, "நான் எழுதலக்கா. நீங்க சொன்னீங்க, நான் எழுதினேன்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. தணிக்கைக்கு வந்தவர்கள் பழுதான பொருளெல்லாம் ஒரு வாரத்தில் வெளியேற வேண்டும் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். பட்டியல் தயாரித்தவர் தாளைத்தான் பார்த்தார், அறையைப் பார்க்கவில்லை.

முதல்வர் ஐயாவிடம் போனேன். "எனக்குத் தெரியாதாம்மா? ஆனா தணிக்கையில வந்ததை நான் கைவச்சா என் கழுத்துக்கு வரும். இணை இயக்குநர் அம்மா ஒரு வரி எழுதட்டும், அடுத்த நிமிஷம் முத்திரையை எடுக்கிறேன்" என்றார். மதிப்பீட்டாளரைக் கூட்டிவந்து மெஷினை ஓட்டிக் காட்டலாமே என்று கேட்டதற்கு, அவர் 25ஆம் தேதிக்குப் பிறகுதான் வருவாராம். அதற்குள் மெஷின் எங்கே இருக்கும்?

8. அது எங்கே இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்புக் கடைக்காரர் எங்கள் ஆள். "அக்கா, நானே ஏலம் எடுத்து உன் பட்டறை வாசல்ல இறக்கிடுறேன், கவலைய விடு" என்றார். விட்டுவிடலாம் என்றுதான் நானும் இருந்தேன். பிறகு பட்டியலின் அடியில் இருந்த நிபந்தனையை வாத்தியார் படித்துக் காட்டினார். பழுதான இயந்திரங்களை வளாகத்துக்குள்ளேயே இரண்டாக வெட்டிய பிறகுதான் வெளியே எடுக்க வேண்டும்.

வெட்டுவதற்கு எரிவாயு டார்ச்சோடு வரச்சொல்லி ஆள் அனுப்பியது யாரிடம் தெரியுமா அம்மா? எங்கள் வெல்டிங்காரரிடம். வெல்டிங் செட்டை நன்கொடையாகக் கொடுத்தாரே, அவரிடமேதான். "என் கையால ஆகாது, வேற ஆளைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்து என் பட்டறை வாசலில் உட்கார்ந்திருந்தார். வேறு ஆளைப் பார்த்துவிட்டார்களாம்.

முத்திரையைப் பிய்த்துவிடலாம் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். கூடாது என்று நான்தான் தடுத்தேன். பிய்த்தால் கல்லூரியையே மூடிவிடுவார்கள். என் வாயால் வந்த வினைக்குப் பதினாறு பேர் ஏன் வழக்கு வம்பில் மாட்ட வேண்டும்?

9. முத்திரை வைத்த பிறகும் இஸ்திரியம்மா நேற்று மாலை வகுப்பு நேரத்துக்குச் சரியாக வந்து, மெஷினைத் துடைத்து, படுகைக்கு எண்ணெய் போட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரோ, "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தேற்றிக்கொண்டிருப்பேன். அவர் சும்மா இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

10. ஆகவே தங்களிடம் கேட்டுக்கொள்வது:

பட்டியலிலிருந்து ஏழாம் எண்ணை நீக்கி ஒரு வரி உத்தரவு. அது முடியாவிட்டால், வியாழக்கிழமைக்குள் தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் நேரில் வந்து முத்திரையை எடுத்து சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் நானே முன்னின்று வெட்டச் சொல்கிறேன்.

அந்தப் படிவத்தில் நான் சொன்னது விளையாட்டுப் பேச்சு. அதை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அதற்குப் பதிலாக, இதுவரை எவர் முன்னும் சொல்லாததைக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் கையாலேயே எழுதித் தருகிறேன். தாங்கள் அதைப் 'பொருளின் நிலை' கட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்:

அது நல்ல மெஷின். என்னிடம் இருந்ததிலேயே நல்லது அதுதான். அதனால்தான் கொடுத்தேன்.

11. இணைப்பாக ஒரு பொட்டலம் வைத்திருக்கிறேன். பயப்பட வேண்டாம். உள்ளே ஒரு போல்ட்டும் நட்டும் இருக்கின்றன. முத்திரை வைப்பதற்கு முந்தின சனிக்கிழமை, அந்த மெஷினில், இரும்புத் துண்டிலிருந்து இஸ்திரியம்மா தனியாகக் கடைந்து மரை வெட்டியவை. நான் பக்கத்தில் நின்றேன், தொடவில்லை. எண்ணெயைத் துடைத்துத்தான் அனுப்புகிறேன், தங்கள் கோப்பில் கறை படாது.

போல்ட்டைத் தலைகீழாக மேஜைமேல் நிறுத்துங்கள். நுனியில் நட்டை வைத்து, ஒரு விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். அது தானே சுற்றிக்கொண்டு அடிவரை இறங்கும். வழியில் ஓரிடத்தில் நின்றாலும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடினாலும், மனுவைக் கிழித்துப் போட்டுவிடுங்கள், நான் எழுந்து வீட்டுக்குப் போகிறேன். நிற்காமல் இறங்கினால், கெட்ட மெஷினில் அப்படி மரை விழாது என்பதை மட்டும் நினைத்து, பேனாவை எடுக்க வேண்டுகிறேன்.

நட்டு போல்ட்டின் தலையைத் தொடும்போது டக் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். தங்கள் அறைக் கதவு திறந்துதான் இருக்கிறது. நான் வெளியே உட்கார்ந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இடம்: தங்கள் அலுவலகத் தாழ்வாரப் பெஞ்சு
நாள்: 17ஆம் தேதி, செவ்வாய், காலை 10.20

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
லேத்தக்கா

இணைப்பு: போல்ட் 1, நட்டு 1.
(திருப்பித் தர வேண்டும் அம்மா. திங்கட்கிழமை தேர்வாளரிடம் காட்ட வேண்டியிருக்கும்.)