நான் சொன்ன சாட்சி

ஜூன் 10, திங்கள்

பிரசவ விடுப்பு முடிந்து கல்லூரிக்குப் போனால், மனநல நர்சிங் பாடத்தை என் தலையில் கட்டியிருக்கிறார்கள். மற்ற டீச்சர்கள் எடுத்தது போக மிஞ்சியது.

முதல் வகுப்பு. "மனநோய் என்றதும் உங்களுக்கு என்ன தோணுது?" என்று கேட்டேன். பின்பெஞ்சிலிருந்து பெமிலா, "சங்கிலி மிஸ்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

சாயங்காலம் ஜெப்சனைக் குளிப்பாட்ட மாமியாரிடம் கொடுத்துவிட்டேன். ஐந்து மாதப் பிள்ளை. தண்ணீர்ப் பக்கம் நான் அவனைக் கொண்டுபோவதில்லை. மாமி இதுவரை ஏன் என்று கேட்கவில்லை.

ஜூன் 13

பாடம் தயாரிக்க உட்கார்ந்தேன். பிரசவத்துக்குப் பின் வரும் மனக்கோளாறுகள். பிள்ளையைக் கீழே போட்டுவிடுவோமோ, தண்ணீரில் அமுக்கிவிடுவோமோ என்று சில தாய்மாருக்கு வேண்டாத எண்ணம் வரும், அந்த எண்ணத்தைக் கண்டு அவர்களே நடுங்குவார்கள் என்று இருந்தது.

நடுங்குவார்கள். ஆமா. நடுங்குறேன்.

எனக்குள் பிசாசு இருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன்? இது நோயா? வெறும் நோயா?

ஜூன் 22

வடசேரியில் பஸ் இறங்கி, யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துப் பார்த்து மனநல டாக்டரிடம் போனேன். "இந்த எண்ணத்த நெனச்சு நீங்களே பயப்படுறீங்க பாருங்க. உங்களால பிள்ளைக்கு ஆபத்து இல்ல. மாத்திரை தாறேன், பாலும் கொடுக்கலாம்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்து சீட்டு அம்மாள் மீன் பையைத் தன் காலடிக்கு இழுத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டாள்.

ஜூன் 24

மாமியிடம் சொல்லிவிட்டேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் ஒளித்து மாத்திரை விழுங்குவது? மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்க மக்கா, இத்தன நாளும் ஒத்தைக்கா கெடந்து வெந்த?" மாமி இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

"ஆருட்டயும் சொல்லாண்டாம் மாமி."

"நான் ஆருட்ட சொல்லப்போறேன்?"

ஜூன் 28, வெள்ளி

பெண்கள் ஜெபக்கூட்டம் இந்த வாரம் எங்கள் வீட்டில். வழக்கம்போல ஒவ்வொருத்தியாகத் தன் ஜெபக் குறிப்பைச் சொன்னாள். மகனுக்கு விசா. மூட்டுவலி. மகளுக்கு வரன். மாமியின் முறை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "எனக்க மருமவ ஜெமிக்கு பிள்ளையக் கொல்லணும்ணு தோணுது. அந்த ஆவி அவள விட்டுப் போவ ஜெபிக்கணும்."

நான் காப்பித் தட்டோடு நின்றேன். எல்லோரும் எழுந்து வந்து என் தலையில் கை வைத்தார்கள். யாரோ ஜெப்சனைத் தூக்கி உள்ளறைக்குக் கொண்டுபோனார்கள்.

கூட்டம் கலைந்தபின் கேட்டேன். மாமிக்கு உண்மையாகவே புரியவில்லை. "ஏட்டி, ஊருக்காரியளுட்டயா சொன்னேன்? கர்த்தருட்டல்லா சொன்னேன்."

ஜூலை 1

பெமிலாவின் அம்மா அந்தக் கூட்டத்தில் இருந்தாள். பிரின்சிபல் கூப்பிட்டு, "பேரன்ட்ஸ் போன் பண்ணுறாங்க ஜெமி. கொஞ்ச நாள் வேற பாடம் எடுங்க" என்றார். கரும்பலகையில் யாரோ சங்கிலி வரைந்திருந்தார்கள். நன்றாகவே வரைந்திருந்தார்கள்.

ஜூலை 3

குவைத்திலிருந்து என் வீட்டுக்காரர் சிஜின் போனில். "பிள்ள அம்மைக்க கூட கெடக்கட்டு. உனக்கு சரியாவது வரைக்கும்."

"என்னால ஆபத்து இல்லண்ணு டாக்டர் சொன்னாரு."

"டாக்டருக்க பிள்ளையா அது?"

தன் மனைவியிடம் பேசுகிற குரலா அது?

ஜூலை 9

பால் கட்டி மார்பு கல்லாக இருக்கிறது. மாமியின் அறைக்கு வெளியே போய் நின்றேன். கதவைப் பாதிதான் திறந்தாள். "புட்டிப்பால் குடிச்சான். உறங்கட்டு." குளியலறையில் போய்ப் பிழிந்து ஊற்றினேன். உள்ளே அவன் அழுகிற சத்தம் கேட்கக் கேட்க இன்னும் சுரந்தது. இந்த ஒடம்புக்கு வெக்கமே கெடையாதா?

ஜூலை 20

போதகர் வந்தார். ஆவியிலிருந்து விடுதலை கிடைத்துவிட்டது, மாத்திரையும் விட்டாயிற்று என்று நான் சபையில் எல்லோர் முன்னாலும் எழுந்து சாட்சி சொன்னால் மாமிக்குத் தைரியம் வருமாம்.

"அப்போ பிள்ள?"

"பிள்ள உனக்க பிள்ளதானே மோளே."

மாமி தலையாட்டினாள்.

ஆனால் நான் மாத்திரையை விடவில்லை. கல்லூரியில், என் மேசைக்குள் இருக்கிறது. அந்த எண்ணம் இப்போது வருவதே குறைவு, அதுவும் மாத்திரையால்தான். சபையில நிண்ணு பொய் சொல்லணுமா?

எனக்கு பிள்ள வேணும்.

ஜூலை 28, ஞாயிறு

சொன்னேன். அசுத்த ஆவி இருந்தது, போய்விட்டது. மாத்திரையையெல்லாம் கொட்டினேன், அன்றைக்கே சமாதானம் வந்தது. எங்கே நிறுத்தவேண்டும், எங்கே குரலைத் தாழ்த்தவேண்டும் என்று ஒரு டீச்சருக்குத் தெரியாதா? பெண்கள் அழுதார்கள். எல்லோர் முன்னாலும் மாமி ஜெப்சனை என் கையில் தந்தாள். முதலில் அவன் அந்நியரைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

ஜூலை 29

காலை. கல்லூரி. மாத்திரை.

ஆகஸ்ட் 11

ஆராதனை முடிந்ததும் ஒரு பெண் ஓடிவந்து கையைப் பிடித்தாள். பிரிஜா. தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்த பெண், பேறுகாலத்துக்கு அம்மை வீட்டுக்கு வந்திருக்கிறாள். தோளில் பச்சைப்பிள்ளை.

"அக்கா, எனக்கு கலியாணத்துக்கு முந்தியே காதுல சத்தம் கேக்கும். அதைச் செய் இதைச் செய்யிண்ணு ஏவும். மாத்திரையிலயாக்கும் இருந்தேன். உங்க சாட்சியக் கேட்ட அண்ணைக்கே தூர எறிஞ்சிட்டேன்!"

முகம் மினுங்கியது. கண் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு வந்தது வேறு. இவளுக்கு இருப்பது வேறு. இவள் மாத்திரையை விட்டால் அந்தப் பிள்ளைக்கு உண்மையாகவே ஆபத்து. இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று அவளுடைய அம்மையிடம் சொல்லவேண்டும். வாய் எடுத்தேன். நீ விட்டேல்லா, உனக்கு ஒண்ணும் ஆவல்லியே என்று கேட்டால்?

மாமி பக்கத்தில்தான் நின்றாள். ஜெப்சன் அவள் இடுப்பில்.

"ஸ்தோத்திரம்" என்றேன்.

ஆகஸ்ட் 19

பிரிஜா உறங்கி நாலைந்து நாளாகிறதாம். பிள்ளையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளை அறையில் போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி என்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நாளை அவர்கள் வீட்டில் உபவாச ஜெபம். அவளுடைய கதவுக்கு முன்னால் நின்று நான் சாட்சி சொல்லவேண்டுமாம்.

"நீ சொன்னா அவளுக்கு விசுவாசம் வரும் பிள்ளே." மாமி என் வெள்ளைச் சேலையைத் தேய்த்து மடித்து வைத்திருக்கிறாள்.

ஜெப்சன் என் பக்கத்தில் உறங்குகிறான். நாளைக்குச் சொல்லவேண்டிய சாட்சியை எழுதிப் பார்த்தேன். போன தடவையைவிட நன்றாக வந்திருக்கிறது.