எழுதி நடத்துவது: தீர்த்தம்மாள்

28-10-2025, செவ்வாய்

மழை இல்லை. அவரை இரண்டாம் பறிப்பு முடிந்தது. ஓசூரிலிருந்து பிரியதர்ஷினி போன் செய்தாள். வேறு வீட்டுப் பேத்திகள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்பார்கள். இவள், "ஆயா, ஞாயித்துக்கிழமைக்கு பூதம் ரெடியா?" என்கிறாள். எனக்கும் அதுதான் பிடித்திருக்கிறது.

இந்த ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள். ஒருத்தர் கதை நடத்த வேண்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். பிரியா திருடி. அடுத்த வீட்டு முருகேஷ் வாள்வீரன், பேர் இரும்பன். அவன் பெண்டாட்டி யுவராணி மருந்துக்காரி. "நான் இதைச் செய்யறேன்" என்று சொல்லிவிட்டு இருபது முகம் உள்ள காயை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நடந்துவிடும். சின்னது விழுந்தால் வம்பு.

முதலில் பிரியாதான் நடத்தினாள். அவள் பூதம் குகைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், யாராவது வந்து வெட்டட்டும் என்று. "ஏண்டி, அதுக்கு பசிக்காதா? தண்ணிக்கு எங்க போவும்?" என்று அடுப்படியிலிருந்து கேட்டேன். "அப்ப நீங்களே நடத்துங்க" என்று காயைக் கையில் கொடுத்துவிட்டாள். சித்திரையிலிருந்து நான்தான். பதினோரு கதை ஆயிற்று.

நான் உருட்டும் காய் அவர்களுக்குத் தெரியக் கூடாது. முறத்தை நிறுத்தி மறைத்துக்கொள்வேன். முறத்துக்குப் பின்னால் ஒரு நாளும் பொய் சொன்னதில்லை. "முனியப்பன் கோயில்ல பூ போட்டு வாக்கு கேக்கறதும் ஒண்ணு, ஆயா காய் உருட்டறதும் ஒண்ணு" என்பான் முருகேஷ். சிரித்துக்கொண்டுதான் சொல்வான். ஆனால் தண்ணிக்கு போர் எங்கே போடுவது என்று பூக் கேட்டுத்தான் போட்டவன் அவன்.

30-10, வியாழன்

கதை கட்ட எனக்கு ஒரு வழி உண்டு. முதலில் பூதத்துக்கு வயிறு. என்ன தின்னும், எங்கே குடிக்கும். அடுத்து அது நடக்கிற பாதை. பல்லும் நகமும் கடைசியில். பிரியாவின் பெங்களூர் சினேகிதர்கள்கூட இப்போது இப்படித்தான் கட்டுகிறார்களாம். "எங்க ஆயா சொன்னது" என்று சொல்லிக்கொள்கிறாளாம்.

இந்த முறை பூதத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. யானை என்று எங்கள் ஊரில் பேர் சொல்வதில்லை, பெரியவர் என்போம். ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு பெரியவர் காட்டிலிருந்து இறங்குகிறார். ஒற்றைக் கொம்பு. முருகேஷின் கேழ்வரகில் இரண்டு தடவை புகுந்துவிட்டார். பேரைச் சொல்லாமல் ஆறு கால் வைத்து, மேலெல்லாம் பாசி படர்ந்ததாக எழுதினேன். கொம்பை மட்டும் ஒன்றாகவே விட்டுவிட்டேன்.

காலண்டர் தாளின் பின்பக்கம் படம் போட்டேன். இல்லாத ஊரை எனக்கு வரைய வராது. வறண்ட ஓடை, பாறை, பலாமரம், வயல். எல்லாம் எங்கள் ஊர்க் கிழக்குக் காடுதான், முருகேஷின் வயல் பக்கம். இறங்குகிற வழிக்குக் காலடி காலடியாகப் புள்ளி வைத்தேன். கீழே வழக்கம்போல: எழுதி நடத்துவது தீர்த்தம்மாள், 5-ஆம் வகுப்பு. படித்தது அவ்வளவுதான், கையெழுத்து இன்னும் கோணவில்லை.

2-11, ஞாயிறு

இன்றைக்கு நடத்தினது போல ஒரு நாளும் நடத்தினதில்லை.

சாப்பிட்டு முடித்து, படத்தை விரித்து, ஆளுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து உட்கார்ந்தோம். யுவராணிதான் முதலில் யோசனை சொன்னாள். "அதுக்கு பசிதானுங்களே ஆயா. மலைப்பக்கமே தீனி வெச்சுட்டா எறங்காதில்ல." நல்ல யோசனை. உருட்டினாள். நாலு. சிரித்தார்கள். விதி விதிதான், நடக்கவில்லை என்றேன்.

அடுத்து முருகேஷ். போன கதையில் இரும்பனுக்கு நான் தொட்டால் மின்னல் அடிக்கிற ஓர் இடிக்கல்லைப் பரிசாகக் கொடுத்திருந்தேன். அதைக் கம்பியில் கட்டி வயலைச் சுற்றி இழுத்துவிடுகிறேன் என்றான். உருட்டினான். இருபது.

இருபது விழுந்தால் நான் குறை வைக்க மாட்டேன். பூதம் கம்பியைத் தொட்டதைச் சொன்னேன். ஆறு காலும் ஒன்றாக மடிந்ததைச் சொன்னேன். மரம் சாய்கிற மாதிரி இல்லை, ஒரு வீடு உட்கார்கிற மாதிரி. மூன்று பேரும் கை தட்டினார்கள். பிரியா என் கன்னத்தைக் கிள்ளினாள்.

போகும்போது முருகேஷ் நின்றான். "ஆயா, இந்தப் படத்த நான் வெச்சிக்கட்டுங்களா?"

என் படத்தைக் கேட்டு வாங்கின முதல் ஆள். மடிப்பு விழாமல் சுருட்டிக் கொடுத்தேன்.

7-11, வெள்ளி

ராத்திரி பெரியவர் மறுபடி வந்துவிட்டுப் போயிருக்கிறார். கதிர் வைத்த கேழ்வரகு பாய் விரித்த மாதிரி படுத்துக் கிடந்தது. முருகேஷ் போன தடவை மண்ணை வாரி இறைத்துக் கத்தினான். இன்றைக்குக் கத்தவில்லை. என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டான்.

"ஆயா, கதையில அது எந்தப் பக்கமா உக்காந்துச்சு? பலாமரத்துப் பக்கமா, ஓடைப் பக்கமா?"

மரத்துப் பக்கம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் வாய் கசந்தது. இது எதற்கு அவனுக்கு?

11-11, செவ்வாய்

முருகேஷின் மொபெட்டில் கம்பிச் சுருள். "பந்தல் போடறங்க ஆயா, அவரை வைக்கலாம்னு."

அவரை வைக்கிற பட்டமா இது?

13-11, வியாழன்

தூக்கம் சரியில்லை. அன்றைக்கு யுவராணி உருட்டினது நாலு. இருந்தாலும் நான் நடக்கவிட்டிருக்கலாம். பாதி நடந்தது, தீனியில் பாதி தின்றது, இன்னொரு தடவை உருட்டு என்று சொல்லியிருக்கலாம். எத்தனை தடவை அப்படிச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை? இடிக்கல் எப்படி வேலை செய்யும் என்று சொல்லிப் பார்க்க எனக்கே ஆசை. அதுதான்.

வாயால் கேட்டால் இல்லை என்பான். கதையால் கேட்கிறேன். பன்னிரண்டாவது கதை முடிந்த மறுநாளிலிருந்து பதின்மூன்றாவது. பூதம் செத்துவிட்டது. கம்பி அப்படியே இருக்கிறது. விடியலில் வயலுக்குள் யார் போகிறார்கள்?

16-11, ஞாயிறு

எல்லாம் நான் நினைத்தபடியே போனது, கடைசி ஒன்றைத் தவிர.

மருந்துக்காரி விடியலில் தண்ணீர் திருப்பப் போகிறாள், கால் ஈரம், கம்பி தெரியவில்லை என்று கொண்டுவந்து நிறுத்தினேன். பிழைப்பாளா என்று நான்தான் உருட்ட வேண்டும். முறத்துக்குப் பின்னால் உருட்டினேன்.

பதினேழு. பிழைத்துவிட்டாள்.

"மூணு," என்றேன். "செத்துட்டா."

யுவராணி சிரித்தாள். "ஐயோ, நான் செத்துட்டனா? அப்ப இன்னிக்கு சோறு யாரு ஆக்கறது?" பிரியா என்னையே பார்த்தாள். முருகேஷின் முகம் சாம்பலாகிவிட்டது. பட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒரு மூச்சு நேரம் பட்டுத்தான் இருந்தது.

அப்புறம் அவன் எட்டி முறத்தை நகர்த்தினான்.

காய் அங்கேயே கிடந்தது. பதினேழு மேலே பார்த்துக்கொண்டு.

"பொய் சொல்றீங்களே ஆயா." கோபமில்லை. அவன் முகத்தில் ரத்தம் திரும்ப ஏறுவதைப் பார்த்தேன். "பதினேழு. பொழச்சிட்டா பாருங்க. வாக்கு நல்லாத்தான் இருக்குது." யுவராணியின் புளியங்கொட்டையை அவனே எடுத்து, புதிதாகப் போட்டிருந்த படத்தில், வயல் நடுவில் வைத்தான்.

நான் ஒரு தடவை பொய் சொன்னேன். அதனால் காய் சொன்னது அவனுக்கு இரண்டு மடங்கு நிஜமாகிவிட்டது.

18-11, செவ்வாய்

நேராகவே கேட்டுவிட்டேன். "முருகேசா, வயல்ல கம்பி கட்டிருக்கியா?"

"கேமு வேற, வயலு வேற. தெரியாதுங்களா ஆயா?"

"என் கண்ணைப் பாத்து சொல்லு."

"முறத்துக்குப் பின்னாடி நீங்க சொன்னதுக்கு அப்புறமும் கண்ணைப் பாக்கச் சொல்றீங்களே."

எழுபது வயதை எட்டப் போகிறேன், என்னை இப்படி யாரும் கேட்டதில்லை. கேட்கிற மாதிரி நான் வைத்துக்கொண்டதும் இல்லை.

20-11, வியாழன்

கோலை ஊன்றிக்கொண்டு கிழக்குக் காட்டு வரப்பு வரை போய்ப் பார்த்தேன். புதுக் கம்பி. பலாமரத்திலிருந்து ஓடை வரை, நான் புள்ளி வைத்த வழிக்குக் குறுக்கே. பகலில் கரண்டு இல்லை, அது வெறும் கம்பிதான். ஒரு காக்கை அதன்மேல் உட்கார்ந்து இறகைக் கோதிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியில் யுவராணி வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். "கண்ணு, நல்லா விடிஞ்ச பொறவு வயலுக்குப் போ."

"அவரும் அதையேதாங்க சொல்றாரு. ரெண்டு பேரும் சொல்லி வெச்சுக்கிட்டீங்களா?" என்று சிரித்தாள். அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வீட்டில் இன்றைக்கே சண்டை. சண்டைதானே, வரட்டுமே என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அங்கே வாயில் வரவில்லை.

23-11, ஞாயிறு

ஆட்டம் இல்லை. முருகேஷுக்கு வேலையாம். பிரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஆயா, நான் காட்டு ஆபீசுக்கு போன் பண்றேன். இப்பவே."

வேண்டாம் என்றேன். பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் கூரை ஒழுகினால் கூப்பிடாமலே ஏறுகிறவன் அவன். தீபம் கழியட்டும், கேழ்வரகு அறுத்துவிட்டால் கம்பிக்கு வேலையில்லை, அவனே கழற்றிவிடுவான்.

"அதுக்குள்ள பெரியவரு வந்துட்டா?"

பதினைந்து நாளாகக் காணோம், மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார் என்றேன். யார் சொன்னது என்று கேட்டாள். யாரும் சொல்லவில்லை.

28-11, வெள்ளி

வரவில்லை.

30-11, ஞாயிறு

வரவில்லை. முறத்தை அரிசி புடைக்க எடுத்தேன். கண் கிழக்கே இருந்தது, உமியோடு அரிசியும் போயிற்று.

3-12, புதன்

கார்த்திகை தீபம். யுவராணி பொரி உருண்டை கொண்டுவந்தாள். "ஞாயித்துக்கிழமை அறுப்புங்க ஆயா. ஆளு சொல்லியாச்சு." இன்னும் நாலு நாள். வாசலில் ஐந்து விளக்கு வைத்தேன். கிழக்குக் காட்டைப் பார்த்து ஆறாவதாக ஒன்று. யாருக்கென்று எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

5-12, வெள்ளி

விடிந்ததும் ஊரே ஓடியது. நானும் போனேன்.

பலாமரத்துப் பக்கம். நான் சொன்ன இடத்திலிருந்து பத்தடிகூடத் தள்ளி இல்லை. சாயவில்லை. முன்னங்கால் மடிந்து உட்கார்ந்திருந்தார். ஒற்றைக் கொம்பு மண்ணில் குத்தியிருந்தது. வீடு உட்கார்ந்த மாதிரி— இல்லை, அந்த வார்த்தையை நான் இனி எழுத மாட்டேன்.

பொம்பளைகள் மஞ்சள் தண்ணி ஊற்றினார்கள். கற்பூரம் ஏற்றினார்கள். யாரோ பேரைச் சொல்லி அழுதார்கள். யாரும் தடுக்கவில்லை.

காட்டு ஆபீஸ் ஜீப் வந்தது. முருகேஷ் ஓடவில்லை. வரப்பிலேயே குந்தியிருந்தான். யுவராணி அவனை அடித்தாள். கையாலேயே, முதுகில், திரும்பத் திரும்ப. "அன்னிக்கே சொன்னேனே, மலைப்பக்கம் தீனி வைக்கலாம்னு சொன்னேனே." நாலு பேர் பிடித்து இழுத்தார்கள்.

அதிகாரி அவனிடம் கேட்டார். "வர்ற வழி இவ்வளவு கரெக்டா எப்படிய்யா தெரிஞ்சுது?"

அவன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். மடிப்பு விழாமல் கொடுத்தேன், மடித்துத்தான் வைத்திருக்கிறான். அதிகாரி விரித்தார். ஓடை, பாறை, புள்ளிகள். கீழே எழுதியிருந்ததை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தார்.

"யாரும்மா இந்தத் தீர்த்தம்மாள்?"

முருகேஷ் என் பக்கம் பார்க்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "அது சும்மா கேமுங்க சார். ஆயாவுக்கு ஒண்ணும் தெரியாதுங்க," என்றான்.

"நான்தான்," என்றேன். "எல்லாம் தெரியுமுங்க."

9-12, செவ்வாய்

பிரியா லீவு போட்டுவிட்டு வந்து என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். வழி முழுக்க கையை விடவில்லை.

கேட்டதையெல்லாம் சொன்னேன். புள்ளி வைத்தது, இருபது, பதினேழு, காக்கை, போன் செய்ய வேண்டாம் என்றது. எழுதுகிற பையன் பாதியில் நிறுத்தி, "பதினேழுன்னா என்ன பாட்டி?" என்று கேட்டான். முதலிலிருந்து சொன்னேன்.

முடித்துத் தாளை என் பக்கம் தள்ளினார்கள். கைநாட்டு வைக்கட்டுமா என்று கேட்டேன். பிரியா திரும்பிப் பார்த்தாள்.

"கையெழுத்துதான் நல்லா போடறீங்களே," என்றார் அதிகாரி. என் படம் அவர் மேசையில்தான் இருந்தது, ஒரு நம்பர் ஒட்டி.

தீர்த்தம்மாள் என்று மட்டும் எழுதினேன். வகுப்பை எழுதவில்லை.