தாத்தாவின் வாயில் என் கை

நீடர்பாக்,
1990, அக்டோபர் கடைசி

ஆமாம் சில்கே, அந்தப் படத்தில் கையை நீட்டிக்கொண்டு நிற்பது நம் தாத்தாதான், அவர் வாயைப் பொத்தியிருப்பது என் கைதான். நான் எழுதுவதற்குள் உன் ஹாம்பர்க் சிநேகிதி பேப்பரை வெட்டி டொராண்டோ வரைக்கும் அனுப்பிவிட்டாள். இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குளிரில் வயிற்றைக் காயப்போடாமல் நல்லபடி இரு. அம்மா வேலை பார்க்கும் நூல் மில்லைக் கிறிஸ்துமஸோடு மூடுகிறார்களாம், அவள் அழவில்லை, ஜன்னல்களைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். தாத்தா நாஜியா அப்பா என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான், சுற்றி வளைக்கத் தெரியாது. பதினெட்டு வயதில் சிப்பாய் உடுப்புப் போட்டார், அதை அவர் மறைத்ததில்லை. ஆனால் அன்று நடந்தது வேறு.

நம் கிழக்கு ஜெர்மனியின் பழைய தேசிய கீதத்தை நீ மெட்டாக மட்டும்தான் கேட்டு வளர்ந்தாய். அதற்கு வார்த்தை உண்டு, நான் பள்ளியில் பாடியிருக்கிறேன். ஜெர்மனி ஒரே நாடு என்று அதில் வந்ததால் கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களுக்கு அது கசந்து போய், வாத்தியம் மட்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள். உனக்கு மூன்று வயதிருக்கும், சுரங்க விழாவில் மெட்டு வாசித்தபோது எல்லாரும் வாயை இறுக்கிக்கொண்டு நிற்க, தாத்தா மட்டும் முழுவதும் பாடினார். கட்சிச் செயலாளர் வின்க்லர் அதை எழுதி மேலே அனுப்பினான். சுரங்கத்தில் மேஸ்திரியாக இருந்த மனுஷனை விளக்குத் துடைக்கும் அறைக்குத் தள்ளினார்கள், ஓய்வு பெறும்வரை அங்கேதான். வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன என்று நான் அன்று கத்தினேன். அவர் சிரித்தார். “எழுதிக் குடுத்ததே அவங்கதான்டா. நான் பாடுனதுல ஒரு வார்த்தைகூட என்னுது இல்ல.”

இந்த மாதம் மூணாம் தேதி இரண்டு ஜெர்மனியும் ஒன்றான நாள் அல்லவா, மத்தியானம் சந்தைத் திடலில் கொடியேற்றம். தாத்தாவுக்கு ஆறு மாதமாக ஞாபகம் பிசகுகிறது, என்னைத் தன் செத்துப்போன தம்பி பேரால் கூப்பிடுகிறார், ஆனால் அந்தத் தேதியை மட்டும் மறக்கவில்லை. விடியும்போதே சுரங்கத்துக் கறுப்புக் கோட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். திடலில் மேற்கத்திய கீதத்தின் மூன்றாம் சரணத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள், அதை மட்டும்தான் பாட வேண்டும், முதல் சரணம் ஹிட்லர் ஆட்கள் பாடிப் பாடிக் கெட்டுப்போனது. கொடுத்தது யார் தெரியுமா, அதே வின்க்லர், புதுக் கழுத்துப்பட்டையோடு. தாத்தா கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டார். பேண்ட் தொடங்கியது. அந்த மெட்டு ஹிட்லர் வந்தபோது பதினொரு வயதில் அவருக்குப் பிரம்பால் அடித்துச் சொல்லிக்கொடுத்தது. மெட்டு வந்ததும் முதல் சரணம் வந்தது, சரணத்தோடு ஹிட்லர் சல்யூட்டாகக் கையும் எழுந்தது, அந்தக் காலத்தில் பாடினமாதிரியே. சுற்றி எல்லாரும் நிறுத்திவிட்டார்கள், அவர் குரல் மட்டும். நான் அவர் கையைக்கூடப் பிடிக்கவில்லை சில்கே, நேரே வாயைத்தான் பொத்தினேன். பலமாக. பல்செட் குத்தி உதட்டில் ரத்தம் வந்தது. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். வின்க்லர் என் காதில் சொன்னான், “ஹோல்கர், பெரியவரை வீட்டுலயே வெச்சிருக்கலாமே.” பதினேழு வருஷம் விளக்குத் துடைத்த மனுஷனைப் பற்றி அந்தத் திடலில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது ரொட்டிக்கடைக்குப் போனால் கடைக்கார அம்மா சிரித்துக்கொண்டே, ஒங்கப்பா இத்தனை வருஷமா அதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தாரு என்று கேட்கிறாள்.

உதடு ஆறிவிட்டது. ஆனால் ரேடியோவிலோ டிவியிலோ அந்த மெட்டு வந்தால் தாத்தா தன் கையைத் தூக்கித் தன் வாயைத் தானே பொத்திக்கொள்கிறார். முடியும்வரை எடுப்பதில்லை. நான் சொல்லிப் பார்த்தேன், மன்னிப்புக்கூடக் கேட்டேன், தம்பிக்குத் தலையாட்டுகிறமாதிரி தலையாட்டுகிறார். நீ அவருக்குப் பெரிய எழுத்தில் ஒரு கடிதம் போடு. அந்தப் படத்தைப் பற்றி வேண்டாம், அவர் வளர்க்கும் புறாக்களைப் பற்றிக் கேள், உன் பேர் மட்டும் அவருக்கு இன்னும் மாறவில்லை. போகிற இடமெல்லாம் உனக்கு நல்லவர்களே கிடைக்கட்டும், குல்லாய் போடாமல் வெளியே போகாதே. இன்னும் எழுத இருந்தது, உள்ளே அம்மா டிவியைப் போட்டுவிட்டாள், ஜெர்மனி ஆடும் மேட்ச், ஆட்டத்துக்கு முன்னால் அந்த மெட்டு வரும். அவர் கை மேலே போவதற்குள் நான் போய் டிவியை அணைக்க வேண்டும், போகிறேன்.

அப்பா