மழையில் ஏறி வந்தவர்

அண்ணை,

நேற்று லா சப்பல் தமிழ்க்கடைத் தெருவில் மரக்கறி வாங்கப் போயிருந்தேன். கடை வாசலில் ஒரு வெள்ளை வான் பின்கதவைத் திறந்தபடி நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. நனைந்த அட்டைப்பெட்டியும் கறிவேப்பிலையும் டீசலும் கலந்த ஒரு மணம் வந்தது. அப்படியே நின்றுவிட்டேன். பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர், "அக்கா, கொஞ்சம் விலத்துங்கோ, நனையப்போறியள்" என்றார். விலகினேன். வாங்க வந்ததை வாங்காமலே ரயிலுக்கு நடந்துவிட்டேன்.

நீங்கள் போன பிறகு வருகிற முதல் மாரி இது. உங்களோடு இனிக் கதைப்பதில்லை என்று நான் முடிவெடுத்தது அதற்கும் முன்பு. செத்தவரோடு என்ன கோபம் என்று சனம் கேட்கும். எனக்கு இன்னும் இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

பாரிசில் என் கணவருக்குக் கிடைத்த முதல் சிநேகிதர் நீங்கள். அவர் ரூ லூயி-பிளாங்கில் ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் சமையல் வேலைக்கு நின்றார். நீங்கள் அந்தக் கடைக்கும் அக்கம்பக்கத்துக் கடைகளுக்கும் மரக்கறி கொண்டுவந்து இறக்குவீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்கள் மனைவியோடு எபினேயிலிருந்து எங்கள் சார்செல் வீட்டுக்கு வருவீர்கள். லிஃப்ட் வேலைசெய்யாத நாட்களில் கதவைத் திறக்கும்போதே மூச்சு வாங்கியபடி, "தங்கச்சி, முதல்ல தண்ணி, பிறகுதான் கதை" என்பீர்கள். சாப்பிட்டு முடிந்ததும் சீட்டை எடுத்து முந்நூற்றிநாலு விளையாட உட்காருவீர்கள். நீங்களும் அவரும் ஒருவரையொருவர் கள்ளன் என்று ஏசும் சத்தத்தில் மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள். அவளுக்கு நீங்கள் மாமா. சொந்த மாமன்மார் எல்லோரும் கடல் கடந்து இருந்ததால், அந்தச் சொல்லால் அவள் நேரில் அழைத்தது உங்களை மட்டும்தான்.

என் கணவர் இறந்தது ஒரு வேலைநாளில். மத்தியான வேலை முடிந்து, இரவு வேலைக்கு முன் கிடைக்கும் இடைவெளியில், வழக்கமாகக் கடையிலேயே படுத்து எழும்புகிற மனிதர் அன்றைக்கு வீட்டுக்குப் புறப்பட்டிருக்கிறார். கார் து நோர் ரயில் நிலையத்தில், பிளாற்போமில் ஒரு வாங்கில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. நெஞ்சு. ஏன் புறப்பட்டார், யாரிடம் என்ன சொன்னார் என்று எனக்குச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. குசினியில் நின்றவர்களுக்கு அவர் வெளியே போனது மட்டும்தான் தெரியும்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த அடுத்த கிழமை நீங்கள் தனியாக வந்தீர்கள். பின்னேரம். தேத்தண்ணி வேண்டாம் என்றீர்கள். கதிரையின் நுனியில் உட்கார்ந்து நிலத்தைப் பார்த்தபடி இருந்தீர்கள். பிறகு சொன்னீர்கள்.

"தங்கச்சி, நான் சொல்லுறதை விசர்க்கதை எண்டு நினைக்காதேங்கோ. முந்தநாள் நல்ல மழை. நான் சரக்கு இறக்கிப்போட்டு வாறன். சென் துனி தாண்டி றோட்டுக்கரையில ஒராள் கைகாட்டுது. நிப்பாட்டினா, அவன். உங்கட மனுசன். தெப்பலா நனைஞ்சு நிக்கிறான். எனக்குப் பயமே வரேல்லை. ஏறு எண்டன். ஏறினவன். குளிரில நடுங்கினவன், என்ர ஜாக்கெட்டைக் கழட்டிக் குடுத்தன், போட்டவன்."

நான் கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டு கேட்டேன்.

"கதைச்சவரோ?"

"ஓம். 'அவளைப் பயப்பிட வேண்டாம் எண்டு சொல்லு மச்சான். நான் வந்துகொண்டுதான் இருக்கிறன்' எண்டவன். உங்கட கட்டிடத்துக்குக் கீழ வந்து வானைத் திருப்பிப்போட்டுப் பாக்கிறன், ஆள் இல்லை. சீற் மட்டும் ஈரம். ஜாக்கெட்டும் இல்லை. நேற்றுக் காலமை மனம் கேக்காமல் அந்த பிளாற்போமுக்குப் போனன், தங்கச்சி. அவன் இருந்த வாங்கில ஜாக்கெட் கிடக்கு."

இதுதான் என்று, வந்ததும் கழற்றி மடியில் வைத்திருந்த ஜாக்கெட்டைக் காட்டினீர்கள். நீலம், ஒரு கைப்பக்கம் தேய்ந்தது. நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். உங்கள் இரண்டு கையையும் பிடித்து அழுதேன். "கடைசியா அவரைக் கூட்டிக்கொண்டு வந்தது நீங்கள்தான் அண்ணை, இந்த நன்றியை நான் எப்பிடித் தீர்ப்பன்" என்றேன். நீங்கள் கையை இழுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வாழ்ந்த வாழ்க்கை முழுக்க அந்தக் கதையின் மேல் நின்றது. ரொறன்ரோவில் இருக்கும் என் அக்கா, "பிள்ளையையும் கூட்டிக்கொண்டு இஞ்சை வா, தனிச்சு நிண்டு என்ன செய்யப்போறாய்" என்று எத்தனையோ முறை கேட்டாள். அவளுக்கு ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மையான காரணம் ஒன்றுதான். வந்துகொண்டிருக்கிறேன் என்றவர் வந்து பார்க்கும்போது வேறு யாரும் கதவைத் திறக்கக்கூடாது. மகளுக்கும் சொல்லியே வளர்த்தேன். மழை பெய்தால் அவள் வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு ஜன்னலில் போய் நிற்பாள். கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கீழே திரும்புகிற வாகனங்களைப் பார்ப்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அதைக் கண்டீர்கள். "அப்பா வருவார் எண்டு பாக்கிறாள்" என்று நான்தான் சொன்னேன். நீங்கள் அவள் தலையைத் தடவிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தீர்கள்.

மகள் வளர்ந்து பல்கலைக்கழகம் போனாள். ஒரு சனிக்கிழமை நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அவள் குசினி வாசலில் வந்து நின்றாள். முகம் சரியில்லை. அவள் என்னோடு பிரெஞ்சில்தான் கதைப்பாள், உங்களுக்குத் தெரியும். முதல்நாள் நாட்டார் கதைகளைப் பற்றி ஒரு வகுப்பு நடந்ததாம். அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பேய்க்கதையை எடுத்து, அது எங்கிருந்து வந்தது என்று ஆசிரியை விளக்கினாராம்.

"மழையில் ஒரு பெண் றோட்டுக்கரையில் நிற்பாள், அம்மா. கார்க்காரன் ஏற்றுவான். குளிருது என்று தன் கோட்டைக் கொடுப்பான். வீட்டு வாசலுக்கு வந்து பார்த்தால் அவள் இருக்க மாட்டாள். கதவைத் தட்டினால், அவள் செத்து எவ்வளவோ காலம் என்று தாய் சொல்லுவாள். அடுத்தநாள் போய்ப் பார்த்தால் அவளுடைய கல்லறையில் அந்தக் கோட் கிடக்கும்."

என் கையில் கத்தி நின்றுவிட்டது. எங்கள் ஆளுக்குக் கல்லறை இல்லை, எரித்துவிட்டோம். ஆனால் வாங்கு இருந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஜாக்கெட்டை வைத்திருந்த அலுமாரி இருந்த அறைப்பக்கம் திரும்பினோம்.

அவள் மெல்ல மெல்ல எல்லாம் சொன்னாள். அமெரிக்கர்கள் அதைத் தங்களுடைய கதை என்று நினைத்திருந்தார்களாம். ஊர் ஊராகப் போய்ச் சேகரித்தவர்கள் பார்த்தால், ஒவ்வொரு ஊரும் அது எங்கள் பாலத்தடியில்தான் நடந்தது என்று சத்தியம் செய்கிறதாம். காருக்கு முன்னர் அது குதிரைவண்டியில் நடந்திருக்கிறது. அதற்கும் முன்னர் ஐரோப்பாவில் தனியாகப் போகும் குதிரைக்காரனின் முதுகுக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஏறி உட்காரும். பிரான்சில் பாலங்களில் வெள்ளை உடுப்போடு ஒரு பெண் நிற்பாள். ஹவாய்த் தீவில் எரிமலைத் தெய்வமே கிழவி வேஷத்தில் வந்து கைகாட்டுமாம். "வழியில் செத்தவர்கள்தான் எப்போதும் வருவார்கள், அம்மா. வீடுபோய்ச் சேராதவர்கள்."

அவள் மேல் எரிந்து விழுந்தேன். "படிக்கவிட்டது தேப்பனைப் பொய்யாக்கவோ?" என்று கத்தினேன். அவள் அழவில்லை. தமிழுக்கு மாறினாள். அவள் அப்படி மாறுவது எப்போதாவதுதான்.

"அம்மா, இந்தக் கதையைச் சொல்லுற ஆக்கள் எல்லாரும் 'என்ர சிநேகிதனுக்குத் தெரிஞ்ச ஒராளுக்கு நடந்தது' எண்டுதான் சொல்லுவினமாம். தனக்கு நடந்தது எண்டு ஒருத்தரும் சொல்லுறேல்லையாம். மாமா ஏன் தனக்கு நடந்தது எண்டு சொன்னவர்?"

அந்தக் கேள்விதான் என்னை உங்களிடம் கொண்டுவந்தது. ஜாக்கெட்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு லா சப்பலுக்கு வந்தேன். நீங்கள் கருணைக்கிழங்குப் பெட்டி தூக்கிக்கொண்டிருந்தீர்கள். பையின் வாயில் நீலத்துணியைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்தீர்கள். ஒரு சொல் கேட்க முதலே உங்களுக்கு விளங்கிவிட்டது. பக்கத்துக் கடையில் போய் உட்கார்ந்தோம். பிளேன் ரீ வந்தது. ஒருவரும் தொடவில்லை.

"இது எங்கையும் நடக்கேல்லை, என்ன அண்ணை?"

"இல்லை."

"அப்ப எங்கையிருந்து எடுத்தனீங்கள்?"

"சந்தையில ஒரு புதுச்சேரிக்காரர் சொன்னவர். திண்டிவனம் றோட்டில அவற்ர மச்சானுக்கு நடந்தது எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அண்ணை. என் புருஷன் வீட்டுக்கு வந்த கதை அமெரிக்காவில் ஏறி, திண்டிவனத்தில் இறங்கி, சந்தையில் உங்கள் காதுக்கு வந்து, என் வீட்டுக்கு ஐந்து மாடி ஏறி வந்திருக்கிறது. அந்தச் சிரிப்பை அடக்குவதற்குள் நீங்கள் அடுத்ததைச் சொன்னீர்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. நீங்களாகத்தான் சொன்னீர்கள்.

"அண்டைக்கு அவன் என்னட்டை வந்தவன், தங்கச்சி. வான் கதவைப் பிடிச்சுக்கொண்டு நிண்டவன். 'மச்சான், நெஞ்சு ஒரு மாதிரிக் கிடக்கு. என்னை வீட்டை கொண்டுபோய் விடு' எண்டவன். எனக்கு எபினேயில இறக்கச் சரக்குக் கிடந்தது. றோட்டெல்லாம் நெரிசல். 'ரெயின்ல போடா, கெதியாப் போயிடுவாய்' எண்டன். தலையாட்டிப்போட்டுப் போனவன்."

எபினேயிலிருந்து சார்செல் எவ்வளவு தூரம்? இரண்டும் ஒரே பக்கம். அதை நான் உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் தினமும் ஓடுகிற றோட்டு அது.

"உண்மையைச் சொல்லத்தான் அண்டைக்கு மேல வந்தனான். கதவைத் திறந்த உடனே நீங்கள், 'அண்ணை, அவரைக் கடைசியா ஆர் பாத்தது, என்ன கதைச்சவர்' எண்டு கேட்டனீங்கள். வாய் திறக்கேக்குள்ள இதுதான் வந்தது."

"பிறகு? பிறகு எத்தினை ஞாயிற்றுக்கிழமை வந்தனீங்கள். என்ர பிள்ளை மழைக்கு ஜன்னல்ல நிண்டதைக் கண்டனீங்கள்தானே?"

"ஓம்."

"கண்டுபோட்டும் சாப்பிட்டனீங்கள்."

ஜாக்கெட்டை மேசையில் வைத்துவிட்டு எழும்பி வந்தேன். அதற்குப் பிறகு நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவில்லை.

அவரை ஏற்றாமல் விட்டதற்காக நான் உங்களை வெறுக்கவில்லை. வேலை நேரத்தில் யாரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். நெஞ்சுநோ என்றால் வாயுவாக்கும் என்று நானே சொல்லியிருப்பேன். அன்றைக்கு வாசலில் அதை அப்படியே சொல்லியிருந்தால் உங்களைத் திட்டியிருப்பேன், துரத்தியிருப்பேன், ஒருநாள் திரும்பக் கூப்பிட்டிருப்பேன். ஏற்ற மறுத்த அதே பயணத்துக்கு என்னிடமிருந்து வருடக்கணக்காக நன்றி வாங்கினீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. உங்களுக்காக நான் தனியாக எடுத்துவைத்த மீன் தலை, உங்கள் பெயருக்குச் செய்வித்த அர்ச்சனை, மகள் பிறந்தநாளுக்கு முதல் துண்டு மாமாவுக்கு என்று வெட்டிய கேக். எல்லாம் அந்தப் பயணத்துக்காகக் கொடுத்தது.

போன மாரியில் உங்கள் மனைவி தொலைபேசியில் அழுதா. உடம்பில் ஊறிக் கிடந்த நோய் உங்களைக் கொண்டுபோய்விட்டது என்று. போகவேண்டாம் என்று இருந்தேன். மகள்தான் உடுப்பு மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். எபினேயில் உங்கள் வீட்டில் கால்வைக்க இடமில்லை. உங்கள் மனைவி என்னைக் கண்டதும் பக்கத்தில் இழுத்து இருத்திக்கொண்டு, சுற்றியிருந்த பெண்களுக்குச் சொல்லத் தொடங்கினா. மழை, றோட்டுக்கரை, ஜாக்கெட், ஈரமான சீற். ஒரு சொல்லும் பிசகவில்லை. அவவுக்கும் நீங்கள் உண்மையைச் சொல்லவில்லை.

"செத்த சிநேகிதனைக்கூட மழைக்குள்ள விட மனம் வராத மனுசன்" என்றுவிட்டு என் முழங்காலைப் பிடித்தா. "இவவின்ர மனுசன்தான். நீங்களே சொல்லுங்கோ தங்கச்சி, என்ர மனுசன் ஏத்திக்கொண்டு வந்தவர்தானே?"

எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. மகள் சுவரோடு நின்று என்னையே பார்த்தாள்.

"ஓம்" என்றேன்.

ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, லண்டனில் இருக்கும் தன் தங்கைக்கு இதைக் கட்டாயம் சொல்லவேண்டும் என்றாள். சொல்லியிருப்பாள். அங்கே இப்போது அது யாருடைய அண்ணனுக்கோ நடந்ததாக இருக்கும்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள், ஏன் ஓம் என்றாய் என்று. அந்த அறையில் வேறு என்ன சொல்வது என்றேன். உங்களை மன்னித்துச் சொன்ன ஓம் இல்லை அது. உங்கள் பொய்யைக் காப்பாற்றும் வேலையையும் என்னிடமே விட்டுப் போனீர்கள், அவ்வளவுதான்.

வான் கதவைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றதை மகளுக்கு நான் இன்னும் சொல்லவில்லை. அது என்னிடம் மட்டும் இருக்கிறது. பயப்பட வேண்டாம் என்று அவர் சொன்னதாக நீங்கள் கட்டிய வார்த்தையை இத்தனை வருடமாகச் சாமிக்கு முன்னால் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறேன். அவர் வாயிலிருந்து உண்மையாக வந்தது வேறு. நெஞ்சு நொந்தபோது அவர் ஆஸ்பத்திரி கேட்கவில்லை, அண்ணை. என்னை வீட்டை கொண்டுபோய் விடு என்றுதான் கேட்டார். அவர் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வசனம். அதை நீங்கள் அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு என் வீட்டில் சாப்பிட்டீர்கள்.