காசில்லாத ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு ஜோவிதா வணக்கம் சொல்லி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை என் அறைத்தோழி ரூபினி, "லீவு நாள்ல ரூம்லயே படுத்துனு இருப்பியா? காசே ஆவாத இடம் ஒண்ணு காட்டறேன், வா" என்று இங்கே பிரேசர் டவுனில் ஒரு பூங்காவுக்கு இழுத்துப்போனாள். தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். ஞாயிறுதோறும் அங்கே யார் வேண்டுமானாலும் மைக்கில் பாடலாம் என்பது எனக்குத் தெரியாது. ரூபினி என்னையும் பாடச் சொல்லி மைக் முன்னால் தள்ளிவிட்டாள். முதலில் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும். "ஜோவிதா, செய்யாறு சிரில் வாத்தியார் மகள்" என்றேன்.

முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து வந்து என் முகத்தையே பார்த்தார்.

"சிரில் அண்ணன் பொண்ணா? நான் பியாட்ரிஸ். உன் அத்தை."

மைக்கைக் கீழே போட்டுவிட்டேன் அப்பா. செத்துப்போனதாகச் சொல்லி, கல்லறைத் திருநாள்தோறும் நீங்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிற அத்தை! வேறு சாதியில் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவராம். பதற்றத்தில் மெழுகுவர்த்தி விஷயத்தையும் உளறிவிட்டேன்.

"செத்துட்டேன்னா சொன்னாரு?" என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "வருஷா வருஷம் ஏத்தறாரா? அப்ப என்னை மறக்கல" என்று அழுதார்.

அத்தை உயிரோடு இருப்பது தெரிந்தேதான் அப்படிச் சொன்னீர்களா அப்பா? நீங்களே பதில் எழுதுங்கள்.

கடைச் சாப்பாடு சாப்பிட்டு நாக்கு மரத்துவிட்டது. அம்மாவிடம் சொல்லிப் பருப்புப் பொடி அனுப்புங்கள். அத்தைக்கும் சேர்த்து அனுப்புங்கள். ஆபீஸ் பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உங்கள் மகள்,
ஜோவிதா