கறி நாளில் தயிர்

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மருமகள் கோழிக் குழம்பு வைத்திருந்தாள். நான் சாப்பிட்டு முடிக்கும் நேரத்தில் ஒரு கிண்ணம் கெட்டித் தயிரைக் கொண்டுவந்து தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். மேலே ஆடை கட்டிய தயிர். துளி புளிப்பில்லாத வாசனை. எனக்குச் சுரீர் என்று கோபம் வந்தது. அவள் மேல் இல்லை, உன் மேல்.

செத்துப்போனவனைத் திட்டக் கூடாது என்பார்கள். போன ஐப்பசி மழையில் நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து நானும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். உன் வீட்டு வாசலில் நனைந்துகொண்டு நின்றபோதுகூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இனி முடியாது. என் வயிற்றுக்குத் தயிர் நல்லது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார். வீட்டில் மாடு இருக்கிறது, பல்லும் இருக்கிறது. இருந்தும் கறி தின்ற நாளில் ஒரு வாய் தயிர் எனக்குக் கிடையாது. யாரால்? உன்னால்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டி ரோட்டில் வயல்களுக்கு நடுவே தனியாக நின்ற நம் ஃபேக்டரிக்கு ஹங்கேரியிலிருந்து புது மெஷின்கள் வரப்போவதாகப் பேச்சு. அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டு வர இரண்டு ஃபிட்டர்களை அனுப்பினார்கள். சோழவரத்தில் நெல் விளையும் வீட்டிலிருந்து நான், பழவேற்காட்டில் வலை வீசும் வீட்டிலிருந்து நீ. மீஞ்சூரைத் தாண்டினாலே வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்குகிற இரண்டு பேரைப் பிடித்து புடாபெஸ்டுக்கு அனுப்பிய மேனேஜரைத்தான் முதலில் உதைக்க வேண்டும்.

அங்கே கேன்டீனில் எதைத் தொட்டாலும் பன்றி. பன்றி இல்லையென்றால் மாடு. உருளைக்கிழங்கைக்கூடப் பன்றிக் கொழுப்பில் வதக்கினார்கள். இரண்டையும் தொடமாட்டோம் என்று ரொட்டியும் ஜாமும் தின்று காலத்தை ஓட்டினோம். உன் கன்னம் ஒட்டிப்போனது. மெஷின் ஓட்டக் கற்றுக்கொடுத்த ஃபோர்மேன் இரக்கப்பட்டு ஒரு சனிக்கிழமை நம்மைக் கூட்டிக்கொண்டு போனார். பழைய தெரு ஒன்றில், நான்கைந்து படி கீழே இறங்கினால், யூதக் குடும்பம் ஒன்று நடத்திய சின்னச் சாப்பாட்டுக் கடை. கிழவர் தலையில் குல்லாவோடு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். கிழவி அடுப்படியில். கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த மகள் பரிமாறுவாள். அவர்கள் மதத்தில் பன்றி ஆகாது. மாட்டை நாம் வேண்டாம் என்றதும் வாத்து கொடுத்தார்கள். பயறும் பார்லியும் முழு முட்டையும் வாத்துக் காலும் போட்டு வெள்ளிக்கிழமையே அடுப்பில் ஏற்றிவிடுவார்கள். சனிக்கிழமை அவர்கள் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் மறுநாள் மதியம் வரை அது தணலிலேயே கிடக்கும். ஷோலெட் என்று பெயர். முதல் வாய் வைத்ததும் நீ கண்ணை மூடிக்கொண்டாய்.

"நைனா, நேத்து வெச்ச மீன் கொழம்பு மாதிரி இருக்குதுபா. அதான் ருசி."

அந்த நிமிஷம் எனக்கு உயிர் வந்தது. இனி ஊர் திரும்புகிற வரைக்கும் பசி இல்லை என்று நினைத்தேன். உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அப்படி நினைத்தது என் புத்தி.

நீ எதையாவது ஒழுங்காகத் தின்றாயா? இனிப்பான மீன் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். "மீனுக்குச் சக்கர போட்டுக்கிறாங்க நைனா, இத்தப் புடிச்சவன் பார்த்தா அழுதுடுவான்" என்று தலையில் கை வைத்துக்கொண்டாய். இறால் வேண்டும் என்று காகிதத்தில் மீசையோடு வரைந்து காட்டினாய். மகள் பயந்துபோய்த் தலையை ஆட்டினாள். அதுவும் அவர்களுக்கு ஆகாதாம். இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். ஆனால் சாப்பாடு முடிகிற ஒவ்வொரு நாளும் நீ தயிர் கேட்டாய். ஒவ்வொரு நாளும் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, இங்கே பால் கிடையாது, தயிரும் கிடையாது என்றாள். ஏன் என்று அவளும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஹாஸ்டலுக்குத் திரும்பும் வழியில் நீ பெருமூச்சு விட்டாய்.

"பாவம்பா. ஊட்ல பாலுக்கே வழியில்ல போல. வெளிய சொல்ல வெக்கப்படுதுங்க."

நம் ஊரில் ஒரு வீட்டுச் சாப்பாடு தயிர் இல்லாமல் முடிந்தால் வேறு என்ன நினைப்போம்? எனக்கும் அப்படித்தான் பட்டது. கேன்டீனில் கறிக் குழம்பின் மேலேயே புளித்த பாலேட்டை ஊற்றுகிற ஊர் அது. அந்த ஊரில் இவர்கள் மட்டும் தயிர் வைக்கவில்லை என்றால் கஷ்டம்தான் காரணம் என்று நீ முடிவுகட்டிவிட்டாய். முடிவுகட்டியதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? அதுதான் உன்னிடம் கிடையாதே.

மூன்றாவது மாதம் ஒரு சனிக்கிழமை, கிழவி நம்மை வாடிக்கைக்காரர்களின் மேசையிலிருந்து எழுப்பி, உள்ளே தன் குடும்பத்தோடு உட்கார வைத்தாள். கடைத் தட்டு வேண்டாம் என்று அலமாரியைத் திறந்து, ஓரத்தில் நீலப் பூப் போட்ட மெல்லிய பீங்கான் தட்டுகளை எடுத்தாள். ஷோலெட் பரிமாறினார்கள். எல்லாரும் கரண்டியை எடுக்கப்போகும் நேரத்தில் நீ கோட்டுக்குள்ளிருந்து ஒரு பெரிய தயிர்ப் புட்டியை எடுத்தாய். நான் தடுப்பதற்குள் எழுந்துவிட்டாய். பெரியவர்களுக்கு முதலில் என்று கிழவியின் தட்டில் வாத்துக் காலின் மேலேயே ஊற்றினாய். பிறகு உன் தட்டில்.

"துன்னுமா. நல்லா துன்னு. நான் வாங்கியாந்தேன்."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிழவர் எழுந்து இரண்டு தட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே போனார். கிழவி கையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டு இருந்த இடத்தையே பார்த்தாள். அப்புறம்தான் மகள் எனக்கு விளக்கினாள். மாமிசத்தோடு பால் சேரக் கூடாது என்பது அவர்கள் மதத்தின் கட்டளை. சேர்ந்த பீங்கானைக் கழுவியும் திரும்பப் புழங்க முடியாது. அந்தத் தட்டுகள் கிழவியின் தாய்வீட்டுத் தட்டுகள். போரின்போது யூதர்கள் என்று பிடித்துக்கொண்டு போன அந்த வீட்டு மனிதர்கள் ஒருவரும் திரும்பி வரவில்லை. பக்கத்து வீட்டில் ஒப்படைத்திருந்த தட்டுகள் மட்டும் மிஞ்சின.

நான் அதைத் தமிழில் சொன்னேன். நீ புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். கிழவி வேறொரு தட்டில் உனக்கு மறுபடியும் பரிமாறி, சாப்பிடு என்று கையைக் காட்டினாள். நீ படியேறிப் போய்விட்டாய்.

அதோடு சரி. அவர்கள் வராதே என்று சொல்லவில்லை. நீதான் போகமாட்டேன் என்றாய். சனிக்கிழமைதோறும் கெஞ்சினேன். "வாடா, போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடலாம்" என்றால், "இன்னா மூஞ்ச வெச்சிக்கினு போறது?" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாய். உன்னை விட்டுவிட்டு நான் மட்டும் போய்த் தின்ன முடியுமா? மறுபடியும் ரொட்டி, ஜாம். ஷோலெட் நாளில் ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து ஜாம் நக்கிய பேஜாரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஊருக்குக் கிளம்பும் வாரம். சனிக்கிழமை விடிந்ததும் நீ குளித்து, விபூதி பூசி, கோட்டு போட்டுத் தயாராக நின்றாய். அங்கே போனதும் யாரையும் பார்க்காமல் நேராக அடுப்படிக்குள் நுழைந்தாய். கிழவியின் வலது கையைப் பிடித்து, உன் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாய். கிழவர் பதறி எழுந்துவிட்டார்.

"யம்மா, சத்தியமா சொல்றேன். கறி துன்ற நாள்ல இனிமே தயிர தொடமாட்டேன். சாவற வரைக்கும். நானும் தொடமாட்டேன், இதோ இவனும் தொடமாட்டான்."

"என்ன எதுக்குடா இழுக்கற?" என்று நான் கத்தினேன்.

"நீயும்தான அந்த மேசைல குந்திக்கினு இருந்த?"

மகள் என்னவென்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் தாயிடம் சொன்னாள். கிழவி சிரித்தாள், இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்தாள், நீளமாக ஏதோ சொன்னாள். இது எங்களுக்கு உள்ள கட்டளை, உங்களுக்குக் கிடையாது, நீங்கள் ஊருக்குப் போய் நன்றாகத் தயிர் சாப்பிடுங்கள் என்றாளாம். எனக்குப் பெரிய நிம்மதி. உன்னிடம் சொன்னேன்.

"அத்தெல்லாம் இல்ல. சொன்னா சொன்னதுதான்."

கேட்டுக்கொள். வாங்கியவளே வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்த சத்தியம் அது. அதை எடுத்துக்கொண்டு வந்து நீ என் தலையில் கட்டினாய். மீஞ்சூர்க் கல்யாணத்தில் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி வந்தபோது பந்தியின் அந்தக் கோடியிலிருந்து என்னை முறைத்தாய். நான் கை நீட்டி வேண்டாம் என்றேன். பரிமாறியவன் என்னைச் சளி பிடித்தவன் என்று நினைத்தான். நம் ஃபேக்டரி கேன்டீனில் முட்டைக் குழம்பு போட்ட நாளில், முட்டை கறியில் சேருமா சேராதா என்று சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை போட்டோம். சேராது என்று நீதான் தீர்ப்பு சொன்னாய், அதுவும் தயிர் தீர்ந்துபோன பிறகு. எத்தனை தடவை கேட்டிருப்பேன், அந்த அம்மாவே விட்டுவிட்டாளே, உனக்கென்ன வந்தது என்று. ஒரே ஒரு தடவைதான் பதில் சொன்னாய், பழவேற்காட்டுப் படகுத்துறையில், என் முகத்தைப் பார்க்காமல்.

"அந்தம்மா தட்டு இருந்த எடத்தையே பாத்துக்கினு இருந்துச்சே, நைனா."

நேற்று நான் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு மருமகள் சிரித்தாள். அவளுக்கு இந்தக் கதை தெரியும்.

"அவர்தான் போயிட்டாரே மாமா. இனிமே யாரு வந்து கேக்கப்போறாங்க? சாப்புடுங்க."

அவள் சொன்னது நியாயம்தான். கிழவி அன்றே விட்டுவிட்டாள். அவளும் இந்நேரம் இருக்கமாட்டாள். நீயும் இல்லை. அந்த மேசையில் உட்கார்ந்தவர்களில் நான் மட்டும்தான் பாக்கி என்று நினைக்கிறேன். கரண்டியைத் தயிருக்குள் விட்டேன். ஆடை மெல்ல விலகியது. என் தட்டில் கோழி எலும்பு கிடந்தது.

கரண்டியை எடுத்துக் கழுவச் சொன்னேன். கிண்ணத்தை மருமகள் பக்கம் தள்ளிவிட்டு, சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டேன். கோபத்தோடுதான் தள்ளினேன். அது உனக்குத் தெரிந்தாக வேண்டும்.